உடுமலை பஸ்ஸில் ஒரு கௌராமி

எங்கள் மீன்தொட்டியில் இருந்த இரண்டு ஆண் கௌராமிகளில் ஒன்று, மற்றதன் வாலைக் கடித்துக் குதறிவிட்டது.

அந்த முரடனைத் தண்ணீர்ப் பையில் போட்டுக்கொண்டு இன்று மத்தியானம் உடுமலை பஸ் ஏறினேன். அங்கே தோழியின் தொட்டியில் மூன்று பெண் கௌராமிகள் உண்டு, ஆண் கிடையாது.

பக்கத்து சீட் அம்மா, "ஏன் கண்ணு, மீனு எங்க போகுது?" என்றார்.

விவரம் சொன்னேன்.

"அட, ஊட்டோட மாப்பிள்ளையா போறானாக்கும்!"

வெயிலில் தண்ணீர் சூடானால் செத்துவிடுமே என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் முந்தானையை விரித்துப் பைக்கு நிழல் கொடுத்தார். உடுமலை வரும்வரை கையை எடுக்கவேயில்லை.

தோழியின் தொட்டியில் விட்டதும் மூன்று பெண்களும் சேர்ந்து அவனைச் செடிக்குள் விரட்டிவிட்டார்கள். இன்னும் வெளியே வரவில்லையாம்.

உங்கள் தொட்டியில் யாருடைய ராஜ்ஜியம்?