டீசலில் கொதித்த டீ

அன்று கோட்டைக்குள், கல்யாண மகாலுக்குப் பின்னால் இருந்தவர்கள் நாலு பேர். நான். கிளாஸ் கழுவ வந்த என் நாத்தனார். சினிமா கம்பெனி மேனேஜர். ஜெனரேட்டர் வண்டி டிரைவர். ஐந்தாவதாக ஒருவரும் இல்லை. இப்படி எண்ணிச் சொல்வதற்குக் காரணம், டீசல் ஊற்றச் சொன்னது யார் என்று பிறகு ஒரு கேள்வி வந்தது.

எண்பதுகளில் செஞ்சிக் கோட்டையில் அடிக்கடி ஷூட்டிங் நடக்கும். அந்தக் கம்பெனிக்கு ஒரு வாரம் டீ போட ஒப்புக்கொண்டிருந்தேன். பால், சர்க்கரை, தூள், மண்ணெண்ணெய் எல்லாம் அவர்களுடையது. அடுப்பும் உழைப்பும் என்னுடையது. விறகு கூடவே கூடாது, புகை கேமராவில் விழும் என்று மேனேஜர் முன்பே சொல்லிவிட்டார். அதற்காகவே அவலூர்பேட்டையில் என் கம்மலை விற்று ஒரு பித்தளை பம்ப் ஸ்டவ் வாங்கினேன். எங்கே ஷாட்டோ அங்கே தூக்கிக்கொண்டு போகலாம். அது இருந்தால் டீ வேலை. இல்லாவிட்டால் மறுபடி அடுத்தவர் கழனியில் களை எடுக்கணும்.

அந்த ஸ்டவ்வைக் கண்டால் எனக்கு உள்ளூர நடுக்கம்தான். ஸ்டவ் வெடித்துப் பெண் சாவு என்று பேப்பரில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அஞ்சாவதோடு நின்றவள் நான், அந்த வரியை மட்டும் எப்படியோ எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன். சட்டென்று தீப்பிடிக்கும் நைலக்ஸ் புடவை கட்ட மாட்டேன். கொஞ்சம் பம்ப் அடிப்பேன், உடனே காற்றுத் திருகைத் தளர்த்திப் பார்ப்பேன். நாத்தனார் சிரிப்பாள்.

"அண்ணி, அடுப்பு பத்த வைக்கிறியா, பாம்பு புடிக்கிறியா?"

ரேஷனில் அந்த வாரம் மண்ணெண்ணெய் வரவில்லை. கம்பெனி வெளியே வாங்கித் தந்ததும் கடைசி நாள் காலையோடு தீர்ந்தது. மேனேஜரிடம் சொன்னேன். பஜாருக்கு ஆள் அனுப்ப அவருக்கு மனசில்லை. டிரைவரைக் கூப்பிட்டு, ஜெனரேட்டர் டீசலில் ரெண்டு லிட்டர் பிடித்துத் தரச் சொன்னார். புகையும் சார் என்று டிரைவரே சொன்னார். நானும் பயமா இருக்குது, வேண்டாம் என்றேன்.

"எரியிறதெல்லாம் எண்ணெய்தாம்மா. உன்னால ஆவலைன்னா சொல்லு, வேற ஆளா இல்ல?"

டீசலை ஸ்டவ் தொட்டியில் ஊற்றினேன்.

டீசல் லேசில் பற்றாது. பர்னர் பழுத்தால்தான் ஆவியாகும். ஸ்பிரிட்டில் நனைத்த துணியைச் சுற்றி மறுபடி மறுபடி கொளுத்தினேன். அப்படியும் தீ நீலமாகவில்லை. மஞ்சளாக எழும்பிப் பாத்திரத்தின் அடியில் கரியைக் கக்கியது. எண்ணெய் வரும் துளை அடைத்துக்கொண்டே இருந்தது. ஊசியால் குத்திக் குத்தி என் விரல் நுனி வெந்தது.

மகாலுக்கு அந்தப் பக்கம் ராஜா வேஷக்காரர் வாளை உருவி வசனம் பேசிக்கொண்டிருந்தார். மதிலுக்கு மேல் கருகருவென்று எழுந்த புகை அவர் கிரீடத்துக்குப் பின்னால் போய் நின்றதாம். டைரக்டர் மைக்கிலேயே மேனேஜரைத் திட்டினார். நாலு தலைமுறையையும் இழுத்தார். வாங்கியதை இறக்கிவைக்க அந்த ஆளுக்கு நான்தான் கிடைத்தேன். ஓடி வந்து, குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கி, எரிகிற ஸ்டவ் மேல் கவிழ்த்தார். காற்றைத் திறந்துவிடுகிறேன் சார் என்று நான் கெஞ்சியது காதில் ஏறவில்லை. பழுத்த பர்னர் டப்பென்று விரிசல் விட்டது. நாத்தனாரை இழுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஓடினேன். தொட்டி வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் நானும் பேப்பரில் ஒரு வரி.

புகை அடங்கியதும் அவர் கேட்டார்: "உன்ன யாரு டீசல் ஊத்தச் சொன்னது?"

இன்றைக்கும் வயிறு எரிகிறது. டிரைவர் தரையைப் பார்த்தார். பாவம், பிழைக்க வந்தவர் என்று, இந்தக் கதையைக் கேட்பவர்கள் அவரை விட்டுவிடச் சொல்கிறார்கள். நான் விடவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? நாத்தனார்தான் பேசினாள்.

"இன்னா சார், உங்க வண்டி டீசல் தானா நடந்து வந்து ஸ்டவ்வுல ஏறிக்கிச்சா?"

கூலியாகப் பேசியது முந்நூறு. மேனேஜர் நூறைக் கையில் திணித்து, மீதி கெட்டுப்போன பிலிமுக்குச் சரியாப்போச்சு என்றார். நாற்பது ரூபாய் பர்னருக்கு யார் பொறுப்பு என்றேன். மெட்ராஸ் வந்து வாங்கிக்கோ என்றார். மறுநாள் விடிவதற்குள் வண்டிகள் போய்விட்டன. அடுத்த வாரம் நான் கழனியில் குனிந்திருந்தேன்.

படம் செஞ்சி கொட்டகைக்கு வந்தபோது காசு கொடுத்துப் பார்த்தேன். ராஜா வாளை உருவும் இடத்தில் மதிலுக்கு மேல் வானம் சுத்தமாக இருந்தது. அந்த டிக்கெட் காசைப் பாக்கிக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. கூலியில் இருநூறு, பர்னருக்கு நாற்பது. இருநூற்று நாற்பது ரூபாய் பாக்கி.