வெள்ளணுக்கள் யார் பக்கம்

திருப்பதி ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் இரண்டே டாக்டர்கள், நானும் எனக்கு மூத்தவர் ஒருவரும். புற்றுக்கட்டியைச் சுற்றி ரத்தத்தின் வெள்ளணுக்கள் ஏன் கூட்டமாக வந்து நிற்கின்றன என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. கட்டியை எதிர்க்க வந்த காவல்காரர்கள் என்பார் அவர். கல்யாணத்துக்கு வந்து ஊர் திரும்பாத உறவுக்காரர்கள் என்பேன் நான். ஆறாத வீக்கத்தில் இவை தங்கித் தங்கித்தானே புற்றே பிடிக்கிறது? அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். காபி ஆறிப்போகும்.

ஆந்திராவுக்கும் சென்னைக்கும் நடுவே எல்லையைப் பிரித்தார்கள். அவருடைய திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போனது. மாற்றல் வாங்கிக்கொண்டு அவரும் போனார். புத்தூர்ப் பக்கத்து எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது, நானும் நின்றுவிட்டேன். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. சண்டை போட ஆளில்லாமல் ஆராய்ச்சியே கசந்தது. சில நாள் சாயங்காலம் வரை வாயே திறக்கமாட்டேன்.

அப்போதுதான் என் அப்பாவை, நைனாவை, சித்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். ஏர் பிடிக்கும்போதும் தூங்கும்போதும் இடது கன்னத்தில் புகையிலையை அடக்கிவைப்பவர். அங்கே புண். வலித்ததாம், மரத்துப்போகட்டும் என்று புண்ணின் மேலேயே இன்னும் கொஞ்சம் புகையிலையை அழுத்தியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

புண்ணிலிருந்து துளி சதை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி என்னிடமே அனுப்பினார்கள். சொந்தக்காரர் சதையை மற்றவர்தான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்குள் இருந்த ஏற்பாடு. இப்போது மற்றவர் இல்லை. சென்னைக்கு அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க மனம் கேட்கவில்லை.

பார்த்தேன். புற்றுதான். சுற்றிலும் வெள்ளணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அவருடைய காவல்காரர் கட்சியே சரியாக இருக்கட்டும், நான் தோற்றுப்போகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். இதைக் கேட்டிருந்தால் மனுஷர் எவ்வளவு குதித்திருப்பார்! பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது. அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

நைனா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"பெரிய டாக்டரு இன்னாம்மா சொல்றாரு?"

"அவரு மாத்தலாகிப் போய்ட்டாரு நைனா. நான்தான் பாத்தேன். கெட்ட கட்டி. அறுத்து எடுக்கணும்."

கன்னத்தைத் தடவிக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"உள்ள யாருமே இல்லியா? ஒண்டியாவா பாத்த?"

தலையை ஆட்டினேன்.

"என்னக் கூப்ட்டிருக்கக் கூடாதா? பக்கத்துல குந்திக்கினு இருந்திருப்பனே" என்றார்.