உரம் போடாத புஞ்சை

"மாமா, எல்லாம் போச்சு!"

போன வாரம் முத்துலட்சுமி இப்படித்தான் வீட்டுக்குள் நுழைந்தாள். எதிர்வீட்டுப் பெண். தொல்லியல் ஆராய்ச்சி மாணவி. அவள் அப்பா கோவில்பட்டியில் கடை வைத்திருக்கிறார். சித்தப்பா மட்டும் இன்னும் ஆட்டு மந்தையோடு ஊர் ஊராகப் போகிறார்.

அவள் ஆராய்ச்சி என்ன தெரியுமா? அகழாய்வில் கிடைத்த கருகிய கம்பு! அந்தக் காலத்து ஆட்கள் நிலத்துக்கு எரு போட்டார்களா, சும்மா விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார்களா... கம்பே சொல்லிவிடுமாம். நைட்ரஜனில் எடை கூடிய வகை ஒன்று உண்டு. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் விழுந்த மண்ணில் அது தூக்கலாக இருக்கும். அங்கே விளைந்த தானியத்திலும் இருக்கும். கருகினாலும் அவ்வளவாக மாறாது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய கம்பும் வேண்டுமே? இடைசெவலில் கந்தசாமி அண்ணாச்சியின் இரண்டு புஞ்சைகளில் கதிர் எடுத்தாள். ஒன்று உரம் போட்டது, இன்னொன்று போடாதது. வந்ததே ரிசல்ட் - தலைகீழாக! உரம் போடாத புஞ்சையில்தான் தூக்கல்.

"இந்த முறையே நம்ம மண்ணுக்குச் சரிப்படாதுன்னு கைடு சொல்லுதாரு மாமா. தலைப்பையே மாத்தணுமாம்."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். வருஷக்கணக்கான உழைப்பு அல்லவா? பைக்கை எடுத்தேன். இருவரும் இடைசெவல் போனோம்.

"அண்ணாச்சி, இந்தப் புஞ்சைக்கு நெசமாவே உரம் போடலையா?"

"சத்தியமா போடல. அந்தா இருக்குல்லா, அதுக்குத்தான் யூரியா வாங்கிப் போட்டேன்."

"அப்ப இதுக்கு?"

"இதுக்கு என்னத்துக்கு உரம்? கிடைல்லா போட்டிருந்தேன்!"

கிடை! அறுப்பு முடிந்த நிலத்தில் ராத்திரி முழுக்க மந்தையைப் படுக்க வைப்பது. எங்கள் கரிசலில் உரம் என்றால் கடையில் மூட்டையாக வாங்குவது. கிடை என்றால் கிடை. இரண்டையும் யாராவது ஒன்றாகச் சேர்ப்பார்களா?

முத்துலட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டாள். "கிடை போட்டேன்னு சொல்லவே இல்லையே அண்ணாச்சி!"

"நீ உரத்தைத்தானம்மா கேட்ட? அதுவும் அது யாரு கிடைன்னு நெனச்ச? உங்க சித்தப்பன் ஆடுதான்!"

அப்புறம் என்ன? காற்றிலிருந்து செய்கிற யூரியாவில் அந்த எடை கூடிய வகை தூக்கலாக இருக்காது. தலைகீழாக இருந்தது ரிசல்ட் இல்லை, நாங்கள் வைத்த பெயர். யாருமே சொல்லாத கிடையைக் கம்பு தானாகக் காட்டிக்கொடுத்திருக்கிறது!

"சரி, அந்தப் பழைய கம்பு எந்தப் பக்கம் சேருது?" என்றேன்.

"கிடைப் பக்கம் மாமா!" புஞ்சைக்கு நடுவில் நின்று கத்தினாள். நானும் கத்தினேன். வெட்கமாவது ஒன்றாவது!

அங்கிருந்தே கைடுக்குப் போன். தலைப்பை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த போன் சித்தப்பாவுக்கு.

"சித்தப்பா, நம்ம ஆடு என் ஆராய்ச்சிக்குள்ள வந்துட்டு!"

அந்தப் பக்கம் குரல் பதறியது.

"ஏட்டி, யாரு வெள்ளாமையில எறங்குச்சு? புடிச்சுக் கட்டிட்டாவளா?"