எல்லா ஃபோனிலும் ஓடும் சுவர்

மருத்துவமனையின் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவில் இருபத்தாறு வருடமாகத் தட்டச்சு செய்துவந்தவரை எல்லாரும் டைப்பிஸ்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். பக்கவாதத்தில் அவருடைய வலது கை துவண்டபோது, பிரிவிலிருந்த விரல் பயிற்சி விளையாட்டு கொஞ்சம் பலன் கொடுத்தது. ஆனால் அது அங்கிருந்த ஒரே இயந்திரத்தில்தான் ஓடும். ஆளுக்கு வாரம் கால் மணி நேரம்.

எல்லார் ஃபோனிலும் ஓடுகிற மாதிரி ஒன்று செய்துதரச் சொல்லிக் கணினிப் பிரிவு அதிகாரியிடம் போய் நின்றார் டைப்பிஸ்டம்மா.

"அதெல்லாம் படிச்சவங்க ரெண்டு வருஷம் உக்காந்து செய்யற வேலைம்மா," என்றார் அதிகாரி.

"ரெண்டு வருஷம் அவர் கை காத்திருக்காது சார். நானே பாத்துக்கறேன்."

வீம்புக்குச் சொன்னதுதான். சொன்ன வாய்க்காக அன்று மாலையே மகளின் பழைய கணினியில் இலவச மென்பொருள் ஒன்றை இறக்கினார். விளையாட்டை ஒருமுறை எழுதினால் போதும். கணினி, ஃபோன், இணையப் பக்கம் என்று எல்லாவற்றுக்கும் அதுவே ஆக்கித் தரும். அது கேட்ட துணை மென்பொருள்களை நிறுவவே ஒன்பது நாள் பிடித்தது. விளையாட்டு என்னவோ எளியதுதான்: ஒரு வெற்றுச் சுவர், விரலால் இழுத்தால் வண்ணம் ஏறும். அந்த மென்பொருளோடு வந்த பாடங்களைப் பார்த்துப் பார்த்து நிரலைத் தட்டி முடித்தார்.

கணினியில் சுவர் ஜோராக வந்தது. கணவரின் ஃபோனில் கன்னங்கரேலென்று இருட்டு. "விடும்மா, தலைவலிதான் மிச்சம்," என்றாள் மகள். அம்மா விடவில்லை. நிரலை ஒவ்வொரு வரியாகப் பிழை திருத்துகிற கண்ணோடு படித்தார். சுவர்ப் படக் கோப்பின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கியது. நிரலில் அதே பெயர் சின்ன எழுத்தில் இருந்தது. கணினி போனால் போகிறதென்று விட்டதை ஃபோன் விடவில்லை. ஓர் எழுத்தை மாற்றினார். சுவர் வந்தது.

பயிற்சிக்கு ஏற்றதுதான் என்றார் சிகிச்சை நிபுணர். விளையாட்டின் இணைய முகவரியை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார் டைப்பிஸ்டம்மா. அனுமதி இல்லையென்று அதிகாரி கிழித்தார். மறுநாளிலிருந்து, நிபுணரின் சம்மதத்தோடு, வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு நோயாளிக்கும் டைப்பிஸ்டம்மா தட்டச்சு செய்து தரும் பயிற்சிச் சீட்டில் அந்த முகவரி அச்சாகியிருந்தது.

மேலிடத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே அவர் குரலை உயர்த்தவில்லை.

"நிறுத்தணும்னா எழுத்துல குடுங்க சார். காரணத்தையும் சேத்து எழுதுங்க."

யாரும் எழுதவில்லை.

ஆறாம் மாதம் கணவர் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார், கழுத்துப் பொத்தான் மட்டும் பாக்கி. சுவர் ரொம்பச் சின்னது, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது என்று குறை வேறு. அன்றே இன்னும் மூன்று சுவர்களைச் சேர்த்தார் டைப்பிஸ்டம்மா.