அப்பா போட்ட கல்லும் மதினி வச்ச மீட்டரும்

எங்க மதினியப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்கு வாய் மூடாது. நாத்தனார் மதினியப் புகழ்ற அதிசயத்த எங்கடி கண்டோம்னு கந்தர்வக்கோட்டையில எங்க தெருவே என்னைக் கேலி பண்ணும். பண்ணிட்டுப் போகட்டும். நான் பாத்தத அவங்க பாக்கல.

அண்ணனுக்கு ஜப்பான்ல கம்ப்யூட்டர் வேலை. அங்க அணு உலை விபத்து நடந்தப்ப அவங்களுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு. உலை இருந்த ஊரு வேற, இவங்க ஊரு வேற. இருந்தாலும் காத்துலயும் மழையிலயும் கதிர்வீச்சுத் தூசி இவங்க ஊருலயும் வந்து விழுந்துருச்சு. கவர்மெண்டுக்காரங்க பார்க்குல அத அளக்குற ஒரு பெரிய மீட்டர் நட்டு, அளவு இவ்வளவுதான்னு எழுதிக் காட்டுனாங்களாம். பார்க்குல அளந்தது நம்ம வீட்டு வாசலுக்குப் பொருந்துமான்னு அந்தத் தெருப் பொம்பளைங்களுக்குச் சந்தேகம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, கையில பிடிக்கிற மீட்டர் வாங்கி, தாங்களே அளக்கக் கெளம்பிட்டாங்க.

பாஷை அரைகொறையா வந்த எங்க மதினியும் போயி அவங்களோட ஒட்டிக்கிட்டாங்க. அப்ப அவங்களுக்குப் பிள்ளைகூடக் கெடையாது! யார் பெத்த பிள்ளையோ ஸ்கூலுக்குப் போற வழிய, யார் பிள்ளையோ சறுக்கி விளையாடுற எடத்த, கூரைத் தண்ணி வடிஞ்சு தேங்குற மூலைய எல்லாம் குளுர்ல நின்னு அளந்திருக்காங்க. ஒவ்வொரு எடத்துலயும் மூணு ஒயரம். தரையில ஒண்ணு, முழங்கால்ல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு.

"ஒரு தடவை பாத்தாப் பத்தாதா மதினி?"ன்னு போன்ல கேட்டேன்.

"தவழ்ற பிள்ளைக்குத் தரைதானே ஒயரம்? நம்ம ஒயரத்துல மட்டும் அளந்தா அது நமக்குத்தான் ஆகும்"னாங்க. இத்தனை வருஷம் கழிச்சு இன்னமும் அளந்துக்கிட்டுத்தான் இருக்காங்க.

போன வருஷம் அவங்க பொண்ணு பாப்பாவுக்குக் காது குத்த ஊருக்கு வந்தாங்க. எங்க அப்பா ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். வந்த பணத்துல வீட்ட இடிச்சுக் கட்டி, பாலிஷ் போடுற பட்டறைக்கு நடையா நடந்து, செவப்புக் கிரானைட்டாப் பொறுக்கி எடுத்து, பேத்திக்குன்னு மாடியில ஒரு ரூம் கட்டி வச்சிருந்தாரு. காது குத்து முடிஞ்சு பந்திப் பாத்திரம்கூடக் கழுவல, ஆரம்பிச்சுட்டாரு. "பாப்பா இங்கேயே இருக்கட்டும். ஸ்கூல்ல நான் சேத்துவிடுறேன். அந்த விஷத்துக்குள்ள என் பேத்திய அனுப்ப மாட்டேன்."

எங்க அண்ணன் ஒரு தலையாட்டி. "ஒரு வருஷம் இருந்து பாக்கட்டுமே"ன்னு இழுத்தான். மதினிக்கு மொகம் செத்துப்போச்சு. பாப்பா அம்மா முந்தானையப் பிடிச்சுக்கிட்டு விடல. பெத்தவள விட்டுப் பிள்ளையப் பிரிக்கிறதா?

அன்னைக்குச் சாயந்தரம் மாடி ரூம்ல பாய் விரிக்கிறதுக்கு முன்னாடி, பழக்கதோஷம், மதினி பையிலேருந்து மீட்டர எடுத்துத் தரையில வச்சாங்க. நம்பர் ஏறுது, எறங்குது. ஒரு நெலைக்கு வர்ற வரைக்கும் அசையாம ஒக்காந்திருந்தாங்க. முழங்கால்ல பாத்தாங்க, இடுப்புல பாத்தாங்க. அங்க அவங்க வீட்டுக்குள்ள காட்டுறத விட இங்க கூடுதல்!

அண்ணன் துள்ளிக் குதிச்சான். "பாத்தீங்களாப்பா! ஜப்பானே தேவலை. ஒங்க வீட்டுலதான் கதிர்வீச்சு!"

அப்பா தரையப் பாத்தாரு. ஆசை ஆசையாப் போட்ட கல்லு. மனுஷன் ஒடைஞ்சு போயிட்டாரு.

மதினி அந்த எடத்துல சும்மா இருந்திருந்தாப் போதும், அவங்க ஜெயிச்சாச்சு. பாப்பாவத் தூக்கிக்கிட்டுப் போயிருக்கலாம். நானா இருந்தா அதத்தான் செஞ்சிருப்பேன். அவங்க அண்ணனப் பாத்து ஒரு சத்தம் போட்டாங்க. "சும்மா இருங்க! பாதியச் சொல்லி மாமாவப் பயங்காட்டாதீங்க. மாமா, இது இந்தப் பாறையோட பொறவிக் குணம். சித்தன்னவாசல் மலையில வச்சாலும் இப்படித்தான் காட்டும். கல்லு கல்லாவே கெடக்கும், இந்த அளவுக்குப் பயப்பட ஒண்ணுமில்ல. அங்க விழுந்தது தூசி. மண்ணோட சேந்து பிள்ளை வாய்க்குள்ள போயிரும். ரெண்டையும் ஒரே தராசுல வைக்கக் கூடாது."

ஆத்தாடி, கையில கெடைச்ச துருப்புச் சீட்ட இப்படியா தூக்கிப் போடுவாங்க!

அப்பாவுக்கு மனசு ஆறல. மறுநாள் காலையில போயிப் பாத்தா, மாடி பூராவும் மஞ்சத்தண்ணிய ஊத்தி, வேப்பெலையப் போட்டுத் தேச்சுக்கிட்டு இருக்காரு. அம்மை எறங்குன வீட்டுக்குச் செய்யிற மாதிரி! எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. "இப்ப வச்சுப் பாருத்தா"ன்னாரு மதினிகிட்ட.

மதினி சிரிக்கல. தரை காயட்டும்னு காத்திருந்து, மொத நாளு வச்ச அதே எடத்துல, அதே மூணு ஒயரத்துல அளந்தாங்க. "அதேதான் மாமா காட்டுது"ன்னாங்க. ஒரு புள்ளி கொறைச்சுச் சொல்லியிருந்தா அப்பா சந்தோஷப்பட்டிருப்பாரு. அவங்களுக்கு அது வரல.

அப்பா ஈரத் துணியோட படியில ஒக்காந்தாரு. மதினிய நிமிந்து பாத்துக் கேட்டாரு. "அங்க என் பேத்தி நடக்குற எடமெல்லாம் அளந்திருக்கியா?"

"அளந்திருக்கேன் மாமா. வீடு, ஸ்கூலு, கிரவுண்டு எல்லாம் இப்பச் சரியாத்தான் இருக்கு. ஸ்கூலுக்குப் போற வழியில வாய்க்கா ஓரம் ஒரு மூலை மட்டும் இன்னும் கூடுதலாக் காட்டுது. அந்தப் பக்கம் விடாம சுத்தித்தான் கூட்டிட்டுப் போறேன்."

பாப்பாவ அனுப்பணும்னா இந்த வாய்க்காலப் பத்தியா இவருகிட்டச் சொல்றதுன்னு மதினியக் கிள்ளினேன். அவங்க என் கையத் தள்ளிவிட்டுட்டாங்க.

அப்பா எந்திரிச்சு மஞ்சத்துணியப் பிழிஞ்சு கொடியில போட்டாரு. "காலம் பூரா பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சவன் நானு. ஏறுன எடத்த மாத்திச் சொல்றவன் மொகம் எனக்குத் தெரியும். எல்லாம் சுத்தமா இருக்குன்னு நீ சொல்லியிருந்தீன்னா, சத்தியமாப் பாப்பாவ விட்டிருக்க மாட்டேன்."

மதினி மீட்டர மடியில வச்சுக்கிட்டு அழுதாங்க. நானும் அழுதேன், எதுக்குன்னே தெரியாம.

ஜப்பானுக்குக் கெளம்புன அன்னைக்கு அப்பா கார் வரைக்கும் வந்தாரு. பாப்பாவ அவரே தூக்கி மதினி மடியில ஒக்கார வச்சாரு. கதவச் சாத்தப் போனவரு, நின்னு குனிஞ்சு சொன்னாரு: "அந்த வாய்க்கா மூலையப் போயி அப்பப்ப அளந்து எனக்குச் சொல்லுத்தா. கூடுனாலும் சொல்லு."