பத்து வீட்டு பிளான் மாறிப்போனது

அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லாமல் நின்றது பயத்தினாலா... இல்லை, தப்பு என்னுடையதுதானா என்று அந்த நிமிடம் எனக்கு நிஜமாகவே தெரியாததாலா?

மூன்று வாரமாக இதே கேள்விதான். மகளுக்குச் சோறு ஊட்டும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, துணி காயப்போடும்போது. காலையில் ஒரு பதில் வருகிறது. சாயங்காலம் அதற்கு நேர்மாறாக இன்னொன்று.

இந்தப் பத்தியில் வழக்கமாகக் குழந்தை, அடுப்படி, பஸ் என்று எழுதுகிறவள் நான். இந்த வாரம் ஆபீஸ் விஷயம். கொஞ்சம் கம்ப்யூட்டரும் வரும். பயப்படாதீர்கள், எனக்குப் புரிந்தது உங்களுக்கும் புரியும்.

சிரம்பானில் வீட்டு பிளான் வரையும் சின்ன ஆபீஸ் ஒன்றில் எனக்கு டிராஃப்ட்ஸ்மேன் வேலை. பெண்ணாக இருந்தாலும் வேலையின் பெயர் அதுதான். பாஸ் மிஸ்டர் லிம். முன்பு பெரிய மேசையில் பென்சிலும் ஸ்கேலுமாக வரைந்ததை எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் வரைகிறோம்.

லிங்கி பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட். பெயர் வேண்டாம், ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். அங்கே லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் முப்பத்தெட்டு குடும்பத்துக்கும் புது வீடு கட்டித் தருவதாக முடிவானது. பிளான் எங்கள் ஆபீஸ். வீட்டுக்கு ஒரு ஷீட். முப்பத்தெட்டு ஷீட்டும் ஒரே ஃபைலில், ஒரு புத்தகத்தின் பக்கங்கள் மாதிரி இருக்கும்.

எஸ்டேட் ஆபீசில் நாங்கள் வரையும் புரோகிராம் கிடையாது. அதனால் ஷீட்டுகளை பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பச் சொன்னார்கள். எந்த கம்ப்யூட்டரிலும் திறந்து பிரிண்ட் எடுக்கலாம். ஒரே ஃபைலாக அனுப்பினால் டிஸ்கெட்டில் அடங்காது. மேலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவரவர் பிளானை மட்டும்தான் கொடுக்க வேண்டும். ஆகவே முப்பத்தெட்டு தனித்தனி ஃபைல், ஒவ்வொன்றுக்கும் குடும்பத் தலைவர் பெயர். எந்தக் குடும்பத்துக்கு எந்த மனை (லோட்) என்ற பட்டியலை எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி டைப் அடித்து ஃபேக்ஸில் அனுப்பியிருந்தார். தங்களுக்கு எந்த வீடு என்பதே அந்த பிளான் கைக்கு வரும்போதுதான் ஜனங்களுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். ஒவ்வொரு ஷீட்டாகத் திறந்து, மாற்றி, பெயர் அடித்து... ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல்.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பெயர்களை வரிசையாக ஒரு பட்டியலாக எழுதிக் கொடுத்துவிட்டால், கம்ப்யூட்டரே முதல் ஷீட்டுக்கு முதல் பெயர், இரண்டாவதுக்கு இரண்டாவது பெயர் என்று போட்டு எல்லாவற்றையும் மாற்றித் தள்ளிவிடும். நான் போய் டீ குடிக்கலாம்.

ஒரே ஒரு சிக்கல். கம்ப்யூட்டருக்கு எண்ணத் தெரியாது. ஒன்றுக்கு அடுத்து இரண்டு என்று போகாது. 1, 10, 11, 12 என்று போய், 19 முடிந்த பிறகுதான் 2 வரும். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்ததில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதனால் கிராணியின் பட்டியலை வெட்டி ஒட்டி கம்ப்யூட்டரின் வரிசைக்கு நானே மாற்றினேன்.

எங்கே சறுக்கினேன் தெரியுமா? நாலாம் நம்பர் வீட்டில்.

நம் மலேசியாவில் வீடு கட்டுகிறவர்கள் பலர் நாலு என்று நம்பர் வைக்க மாட்டார்கள். சீனர்கள் காதில் அது சாவு என்று ஒலிக்கும், ஆகாது, வீடு விற்காது. நாலுக்குப் பதில் 3A. பதினாலுக்குப் பதில் 13A. எஸ்டேட் வீட்டை யாரும் விலைக்கு விற்கப்போவதில்லை, ஆனாலும் மிஸ்டர் லிம்முக்குப் பழக்கம் பழக்கம்தான். நானும் பட்டியலில் மூன்றுக்கு அடுத்து 3A என்று போட்டேன். மனுஷ புத்திக்கு அதுதானே சரி?

கம்ப்யூட்டர் 3A-வை எங்கே வைத்திருந்தது என்றால்... 3-க்கு அடுத்து 30, 31 என்று போய், 38-க்கு அப்புறம்.

அவ்வளவுதான். மூன்றாம் வீட்டுக்குப் பிறகு ஒவ்வொரு பெயரும் ஒரு வீடு தள்ளி உட்கார்ந்தது. பத்துக் குடும்பம். அதற்கப்புறம் எல்லாம் தானாகவே நேராகிவிட்டது.

மூன்று மணிக்கு, சிரம்பானை ஒட்டிய ராசாவிலிருந்து போன். மகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது, இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாள், சீக்கிரம் வரப் பார் என்றார். நான் மாற்றிய ஃபைல்களில் முதல் ஐந்தைத் திறந்து பார்த்தேன். சரி. கடைசி மூன்றைத் திறந்து பார்த்தேன். சரி. இரண்டு டிஸ்கெட்டில் ஏற்றி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி எஸ்டேட் டிரைவரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

நடுவில் ஒன்றே ஒன்றைத் திறந்திருந்தால்?

சனிக்கிழமை கிராணி பிரிண்ட் எடுத்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டார். ஃபைலில் என்ன பெயரோ அந்த ஆளுக்கு.

அடுத்த புதன்கிழமை லோட் எல்லைக் குச்சிகளைச் சரிபார்க்க மிஸ்டர் லிம் என்னையும் கூட்டிப்போனார். அங்கே எஸ்டேட் மேனேஜர் இருந்தார், கிராணியும் இருந்தார். கிராணி ஐயாவை அன்றுதான் முதலில் நேரில் பார்க்கிறேன். ஐம்பதைத் தாண்டிய மனிதர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. போனில் பேசும்போதெல்லாம் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்காமல் வைக்க மாட்டார்.

கடைசி லோட், 38. மூலை வீடு. பக்கவாட்டில் நல்ல காலி நிலம். அங்கே ஒரு அம்மா வாழைக்கன்று நட்டுக்கொண்டிருந்தார். வீடே எழும்பவில்லை, அதற்குள் நாலு கன்று. ரப்பர் பால் மரம் சீவும் லெட்சுமி. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"நீதான் பிளான் போட்ட தங்கச்சியா? மூலை வூடு எங்களுக்கு வரும்னு கனவுலகூட நெனக்கல. வாழை தார் போட்டா ஒனக்கு ஒரு சீப்பு லா."

அவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு பெண் கையில் பிளானோடு வந்தார். அவர் புருஷன் பொன்னுசாமிக்கு லோரி விபத்தில் ஒரு கால் போய்விட்டது. சக்கர நாற்காலிதான். பக்கவாட்டில் சறுக்குப் பாதை போட வசதியாக மூலை வீட்டைத் தருவதாக மேனேஜரே அவர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தாராம். "எங்களுக்கு என்னமோ 3A-ன்னு நடு வீடு வந்திருக்குங்க சார், ரெண்டு பக்கமும் சுவரு" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்தக் காகிதத்தில் 3A என்று பார்த்த நொடியில் என் பட்டியல்தான் ஞாபகம் வந்தது. மேனேஜர் தன் ஃபைலைப் புரட்டினார். 38 பொன்னுசாமி. 37 லெட்சுமி. கிராணியின் பக்கம் திரும்பினார்.

"டிஸ்கெட்ல எப்படி வந்துச்சோ அப்படித்தான் சார் பிரிண்ட் எடுத்தேன்" என்றார் கிராணி.

"அப்போ கம்ப்யூட்டர் தப்பு பண்ணிருச்சா? அதத் தொறக்கவே நான்தான் ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். பேப்பரக் கலைச்சுப் போட்டு மாத்திக் குடுத்துட்டு..." என்றார் மேனேஜர்.

வேலைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"நீங்க சரியாத்தானே அனுப்புனீங்க, மிஸ்?"

என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"செக் பண்ணிப் பாக்கணும் சார்."

பொய்யா? இல்லை. நான் செக் பண்ணித்தானே சொல்ல முடியும். உண்மையா? அதுவும் இல்லை. என் முகத்தை உற்றுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். ஆனால் மேனேஜர் அதை, ஒரு படித்த பெண் வயதானவருக்காகப் பணிந்து பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டார் போல. "பாத்தீங்களா" என்பது மாதிரி கிராணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

காரில் திரும்பும்போது மிஸ்டர் லிம்மிடம் சொல்லிவிட்டேன். யோசித்ததில் எனக்கு நிச்சயமாகிவிட்டது, தப்பு என் பட்டியலில்தான் என்று. அவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டார். பிறகு, எஸ்டேட்டின் அடுத்த கட்ட வேலை யாருக்கு என்று இந்த மாதம்தான் முடிவாகிறது, திருத்தி 'புதிய பதிப்பு' என்று போட்டு அனுப்பிவிடு, விளக்கம் எழுதாதே என்றார். எனக்கு வேலை நிரந்தரமாகும் கடிதமும் இந்த மாதம்தான் வர வேண்டும். அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

திருத்த பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. ஒரே ஒரு வரியை எடுத்துக் கீழே போட்டேன். இந்தத் தடவை முப்பத்தெட்டையும் திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை.

டிஸ்கெட் போனது. விளக்கம் போகவில்லை.

போன திங்கட்கிழமை கிராணி ஐயா போன் பண்ணினார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். நன்றி சொல்லக் கூப்பிட்டிருந்தார். உடனே புது பிளான் அனுப்பி அவரைக் காப்பாற்றிவிட்டேனாம். பத்து வீட்டுக்கும் தானே நடந்துபோய்ப் பழைய பிளானை வாங்கிப் புதியதைக் கொடுத்தாராம். லெட்சுமி தர மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டார். அப்புறம் திறந்து, "கண்ணு தெரியலன்னா பேனாவக் கீழ வச்சிருங்க கிராணியாரே, எங்க தலையில எழுதாதீங்க" என்றாராம். அதைச் சொல்லிவிட்டு கிராணி ஐயா சிரிக்கிறார். வாழைக்கன்றுகளை லெட்சுமி பிடுங்கவில்லை. பொன்னுசாமியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

அது மட்டும் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மேனேஜர் அவருக்கு எழுத்து மூலம் ஒரு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார். அவருடைய சர்வீஸில் முதல் லெட்டர். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே போட்டுக் கொடுத்துவிட்டாராம்.

ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"நான்தாம்மா எங்கயோ மாத்திக் குடுத்திருக்கேன். மொதல்ல டிஸ்கெட்டுன்னு சொன்னேன்... அப்புறம் யோசிச்சுப் பாத்தா, ஒன் வேல அப்படி இருக்காது. கண்ணு முன்ன மாதிரி இல்ல. டவுனுக்கு வந்து புதுக் கண்ணாடி செஞ்சிட்டேன்."

பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டார். விட்டது ஐயா என்றேன். போனை வைத்தார்.

என் கணவர் சொல்கிறார், கிராணியும் தன் பட்டியலோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாமே, பாதித் தப்பு அவருடையது இல்லையா என்று. இருக்கலாம். ஆனால் பாதித் தப்புக்கு முழு லெட்டர் வாங்கியவர் அவர். மீதிப் பாதிக்கு நன்றி வாங்கியவள் நான்.

யாரோ நம்மைத் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். நம் தப்பை இன்னொருவர் தன்னுடையது என்று நம்பிவிட்டால் என்ன செய்வது? தன் கண்ணையே சந்தேகப்படும் அளவுக்கு நம்பிவிட்டால்?

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். நேற்றும் முடிவு செய்தேன், முந்தாநாளும் முடிவு செய்தேன். யாரிடம் முதலில் என்பதில்தான் நின்றுவிடுகிறேன். மேனேஜரிடம் போனால் லெட்டர் ரத்தாகும், ஆனால் அன்றே மிஸ்டர் லிம் என்னை வீட்டுக்கு அனுப்பலாம். கிராணி ஐயாவிடம் போனால், "விடும்மா, ஒனக்குச் சின்னப் பிள்ள இருக்கு" என்று அவரே என் வாயை அடைத்துவிடுவார். அவர் அப்படிச் சொன்னால் நான் கேட்டுக்கொண்டுவிடுவேனோ என்றுதான் எனக்குப் பயம். முதலில் மிஸ்டர் லிம்மிடம் போய், நான் சொல்லப்போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சொல்வதா?

உங்களில் எத்தனையோ பேர் ஆபீசில், ஃபேக்டரியில், எஸ்டேட்டில் வேலை செய்கிறீர்கள். யாரிடம் முதலில் போவது, முதல் வார்த்தையாக எதைச் சொல்வது... எழுதுங்கள். இந்த வாரமே எழுதுங்கள்.

'சின்னத் தப்புதானே' என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தக் கடிதத்தை நானே எனக்கு மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.