கத்திரி வெயிலில் மப்ளர்

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீட்டுக்கு அந்த இளம் தம்பதி குடிவந்தது கத்திரி வெயில் தொடங்கிய வாரம். கணவருக்குக் குன்னூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து ஆவடிக்கு மாற்றல். டெம்போவிலிருந்து இறங்கிய சாமான்கள்: இரும்புக் கட்டில், கனமான ரஜாய்ப் போர்வை இரண்டு, டிரங்குப் பெட்டி நிறைய ஸ்வெட்டர், ஒரு மூட்டை உல்லன் நூல். டேபிள் ஃபேன் ஒன்றுகூட இல்லை. ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "அய்யோ பாவம்" என்றாள்.

அந்த வீட்டுப் பெண் என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவள். ஆனாலும் என் அப்பாவை அண்ணா என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தையாகிவிட்டாள்.

அத்தைக்கு ஆவடி ஒத்துக்கொள்ளவில்லை. குழாயில் பச்சைத்தண்ணீரே சுடுகிறது என்றாள். கொசு, கரண்ட் கட், வேர்வை, எல்லாவற்றுக்கும் அழுகை வந்தது. "ஒரு மாசம் பாரு. முடியலைன்னா உன்னை உங்க அம்மா வீட்ல விட்டுட்டு, நான் மட்டும் இங்க சமாளிச்சுக்கறேன்" என்று கணவர் சொல்லியிருந்தார். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகாதவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருப்பதா என்று அம்மாவுக்குத்தான் அதிகக் கவலை.

சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து அத்தை பின்னுவாள். ஊசிகள் இரண்டும் அவள் பார்க்காமலேயே வேலை செய்யும். நடுநடுவே உள்ளங்கை வேர்வையைப் புடவையில் துடைத்துக்கொள்வாள்.

"இதைப் பின்றப்பதானுங்க அண்ணி மனசு கொஞ்சம் லேசாகுது. ஆனா பின்னி என்னங்க பண்றது? இந்த ஊர்ல யாருங்க போடுவாங்க?"

அம்மாவிடம் சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. அப்போதுதான் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்த அப்பா, யாரும் கேட்காமலே வாயைத் திறந்தார்.

"யார் சொன்னது? நான் போடுவேம்மா. நைட் ஷிப்ட்டுக்குப் போ சொல்ல காதுல காத்து பூந்து ஒரே வலி."

அப்பா சென்னீர்குப்பத்தில் வயலும் வரப்புமாக வளர்ந்தவர். தலைவலி என்றுகூட ஒரு நாள் படுத்ததில்லை. அம்மா அவரை முறைத்த முறைப்பை அத்தை கவனிக்கவில்லை. அதற்குள் மூட்டையில் நிறம் தேடப் போய்விட்டாள்.

மூன்றாம் நாளே மப்ளர் வந்துவிட்டது. அரக்கு நிறம், மஞ்சள் கரை, குன்னூர்க் கனம். ஆனால் அந்த வாரம் அப்பாவுக்கு மதிய ஷிப்ட். உச்சி வெயிலில் தார் ரோடு இளகிக்கொண்டிருக்க, அத்தை வாசலில் நின்று வழியனுப்பினாள். அப்பா மப்ளரைக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் திணிப்பது, திரும்பும்போது அதே இடத்தில் மறுபடி கட்டிக்கொள்வது என்று ஏற்பாடு. ஆனால் டீக்கடை தொட்டிக்கு இந்தப் பக்கம் இருந்தது.

"இன்னா அண்ணாத்தே, காஷ்மீருக்கு டூட்டி போட்டுட்டாங்களா?"

"காதுவலிடா கய்தே."

"காது வலிச்சா பஞ்சு வெப்பாங்க. நீ இன்னாத்துக்குக் கம்பளிய சுத்திகினு கீற?"

கடை முழுக்கச் சிரித்தது. அப்பா பெடலை இன்னும் வேகமாக மிதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை வெறும் உடம்போடு உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றிலும் வேர்க்குரு பவுடரைக் கொட்டினாள் அம்மா. "உபகாரம் பண்ணப் போய் கழுத்தப் பாரு, வெந்து கீது" என்று திட்டிக்கொண்டிருந்தபோது, வாங்கிப்போன பாத்திரத்தைத் திருப்பித் தர அத்தை வந்து நின்றாள். மப்ளர் இருந்த இடத்தில் சரியாக ஒரு சிவப்பு வளையம். அதன் மேல் வெள்ளைப் பவுடர்.

"எந்தக் காதுங்கண்ணா வலிச்சுது?" என்றாள் மெதுவாக.

"வலது காதும்மா" என்று அப்பா இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

அத்தை சிரிக்கத் தொடங்கினாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றுதான்.

"சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னா நீ அழுவியேம்மா."

மப்ளரைப் பிரித்துவிடுகிறேன் என்று எடுத்தபோது அவள் முகம் மறுபடி வாடியது. "என் கைவேலைக்கு இங்க இடமில்லைங்க. மாசமும் முடியப் போகுது."

இந்தப் பட்டணத்தில் குளிரும் இடம் எதுவென்று நான் மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். ஐஸ் கம்பெனி. ஏசி தியேட்டர். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்யும் அறை. அதற்கப்புறம்தான் நான் தினமும் உட்கார்ந்து நடுங்கும் இடம் ஞாபகம் வந்தது.

டிப்ளமா முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். மெஷினுக்குச் சூடு ஆகாது. அதனால் இரட்டைக் கதவு, அடைத்த ஜன்னல், ஓயாத ஏசி. செருப்பை வெளியே விட வேண்டும். பெண்கள் எல்லோரும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு டைப் அடிப்போம். திங்கட்கிழமை அப்பாவின் மப்ளரை நான் கட்டிக்கொண்டு போனேன்.

"இன்னாடி இது? எங்க வாங்கின?" என்றாள் பூந்தமல்லியிலிருந்து வரும் தோழி. மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. அத்தை நிறம் மட்டும் கேட்டு அனுப்பினாள். ரோஜா நிறத்துக்கு மூன்று பேர் சண்டை போட்டார்கள்.

மாத முடிவில் டிக்கெட் எடுக்கட்டுமா என்று கணவர் கேட்டார். "நாலு மப்ளர் பாக்கி இருக்குங்க" என்றாள். அது முடிந்ததும், மீந்த நூலில் சதுரம் சதுரமாகப் பின்னி, சேர்த்துத் தைத்து ஒரு போர்வை செய்தாள். ஏசிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலிக்காம். எல்லோரும் உட்காரப் பயந்த அந்த நாற்காலிக்குப் போர்வை வந்த பிறகு தினமும் போட்டிதான்.

அத்தைக்கு மட்டும் ஓர் ஆசை. "கண்ணு, அந்த ரூமுக்குள்ள என்னைய ஒரு தடவை விடுவாங்களா?"

ஆயுத பூஜையன்று குடும்பத்தாரை விட்டார்கள். நெற்றியில் சந்தனம் வைத்த கம்ப்யூட்டர், கையில் பொரிகடலை, சுற்றிலும் அவள் பின்னிய மப்ளர்களோடு நாங்கள். அத்தை ஏசிக்கு எதிரே கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"இதுக்கா நடுங்கறீங்க கண்ணு? எங்க ஊர்ல இதை வெயில்காலம்னு சொல்லுவோம்."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவள் கண்ணைத் திறக்கவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றாள். ஊர் ஞாபகத்தை நானே கிளறிவிட்டேனோ என்று எனக்குக் கலக்கமாகிவிட்டது. அவள் கணவரும் பொரியைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார்.

இரட்டைக் கதவைத் தாண்டி வெளியே வந்ததும் அம்பத்தூர் அனல் முகத்தில் அடித்தது. அத்தை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, தீபாவளிக்கு ஊருக்குப் போனா நூல் நிறைய வாங்கிட்டு வரணும். இங்க கிடைக்கறது பிசிறு பிசிறா இருக்கு."

அவர் நின்றுவிட்டார். "டிக்கெட் போறதுக்கு மட்டுமா, வர்றதுக்குமா?"

"ஏனுங்க, நூலை மட்டும் தபால்ல அனுப்பிட்டு நான் அங்கயே உட்கார்ந்திருக்கவா?" என்று கேட்டபடியே, பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம் என்று தேடி முன்னால் நடந்தாள்.